ஒரு மணி நேரத்தில் எட்டாத நிக்காஹ்

ஜார்ஜ்டவுன், பினாங்கு.

போன சனிக்கிழமையே சம்பந்தியாகியிருக்க வேண்டிய ஜனாப் அப்துல் காதர் அவர்களுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும். இறைவன் கிருபையால் இங்கே எல்லாரும் நலம். கோலாலம்பூரில் தாங்களும், மாப்பிள்ளையாகாமல் வீடு திரும்பிய ஹாஃபிஸும் நலமாக இருக்க துஆ செய்கிறேன்.

தாங்கள் என்மேல் கடுங்கோபத்தில் இருப்பதாக என் மனைவி சித்தி ஹாஜரா சொன்னாள். நியாயம்தான். மகள் அஃப்ரீனுக்கு வலீயாக உட்கார்ந்து ஒப்புக்கொடுக்க வேண்டிய தகப்பனே வராவிட்டால் இமாம் எப்படி நிக்காஹ் நடத்துவார்? ஆனால், "பினாங்குல இருந்து கேஎல் ஒரு மணி நேரம்தான்லா, காலையில கடையத் தொறந்து வெச்சிட்டே வரலாம்" என்று போனில் சொன்னது யார்? பெரிய மனிதர் வாக்கு என்று நம்பி, பெண்களை முதல் நாளே பஸ்ஸில் அனுப்பிவிட்டு, நான் துணிக்கடையைத் திறந்தேன். முதல் போணிக்கு வந்த அம்மாள் அலமாரியில் இருந்த சேலை முழுவதையும் பிரிக்கச் சொல்லிப் பார்த்துவிட்டு ஒரு கைக்குட்டை வாங்கினார். முதல் போணியை எப்படி விரட்டுவது? அதற்குள் மைத்துனர் சதாம் என்னை வழியனுப்ப வேன் நிறையச் சொந்தக்காரர்களோடு வந்துவிட்டார். "பொண்ணக் குடுக்கப் போறவர துஆ ஓதாம ஏத்துறதா மச்சான்?" என்று விமான நிலையத்தில் கையேந்தியவர், பைலட்டுக்கு, விமானச் சக்கரத்துக்கு, பிறக்கப்போகும் பேரப்பிள்ளைகளுக்கு என்று தனித்தனியாக ஓத, நாங்கள் ஆமீன் சொல்லி நிமிர்ந்தால் கவுண்டர் பெண் "தூத்துப், பாக்சிக்" என்கிறாள். மூடிவிட்டார்களாம்!

அடுத்த விமானம் ஒரு மணி நேரம்தான் பறந்தது, பொய் சொல்ல மாட்டேன். இறங்கும்போது சன்னலில் பார்த்தால் கண்ணுக்கு எட்டிய மட்டும் செம்பனை! சுற்றிச் சுற்றி நம்ம பினாங்குப் பக்கத்து பைராம் தோட்டத்திலேயே இறக்கிவிட்டானோ என்று பதறிப் பக்கத்துப் பையனிடம் கேட்டேன். "இதான் கேஎல் ஏர்போர்ட் அங்கிள். டவுனுக்கு இன்னும் ஒரு மணி நேரம் போகணும், ஜாம் இல்லேன்னா" என்றான். ஜாம் இருந்தது. டாக்சிக்காரத் தம்பி தயாளன், "சனிக்கிழமைலா அண்ணே, எல்லா ஹால்லயும் கல்யாணம்" என்று ஆறுதல் சொன்னார். எல்லா ஹாலிலும் நடந்தது, நம் ஹாலைத் தவிர. இமாம் அடுத்த நிக்காஹுக்குப் போய்விட்டார், விருந்தாளிகள் கை கழுவிக்கொண்டிருந்தார்கள். கல்யாண உடுப்போடு உட்கார்ந்திருந்த மகள் என்னைப் பார்த்து, "போணி ஆச்சா வாப்பா?" என்று மட்டும் கேட்டாள். எனக்கு அழுகை வந்துவிட்டது.

ஒன்று கேட்கிறேன். நிச்சயதார்த்தத்துக்குக் கூப்பிட்டபோது "பினாங்கு ரொம்பத் தூரம், ரோட்டுல அஞ்சு மணி நேரம்" என்று தாங்கள் வரவில்லை. நாங்கள் வந்தால் ஒரு மணி, தாங்கள் வந்தால் ஐந்து மணியா? நடுவில் யாராவது நாட்டை இழுத்து நீட்டுகிறார்களா? ஆகவே நிக்காஹ் இனி பினாங்கில்தான். நான் வாய் திறக்காமல் அது நடக்காது என்பதை நினைவில் வைத்து, குடும்பத்தோடு பறந்து வரவும். ஒரு மணி நேரம்தான்லா.

வீட்டில் பெரியவர்களுக்கு ஸலாமும் சிறியவர்களுக்கு என் அன்பும்.

இப்படிக்கு,
செய்யது மீரான்

பி.கு.: மேலே எழுதியதை மறந்துவிடவும். அஃப்ரீன் இன்று காலை என்னைச் சமய அலுவலகத்துக்கு இழுத்துப்போய், எனக்குப் பதிலாக இமாமே ஒப்புக்கொடுக்கலாம் என்று கையெழுத்து வாங்கிவிட்டாள். "அடுத்த சனிக்கிழமை கேஎல்லதான் நிக்காஹ். நீங்க சாப்பாட்டுக்கு வந்தாப் போதும் வாப்பா" என்கிறாள். சாப்பாடு எத்தனை மணிக்கு என்று தெரிவிக்கவும். நான் வியாழக்கிழமையே பஸ் ஏறுகிறேன்.