கெட்டிச் சாயம்

வைகை மணலில் நாங்கள் இருவரும் மேற்கே நடந்துகொண்டிருந்தோம். இருவருக்கும் வேலை போய்க் கால் மணி நேரம் ஆகியிருந்தது. எனக்கு அது பழக்கம். மேலூர் கல்குவாரி, திருமங்கலம் பரோட்டாக் கடை என்று அதற்குள் ஏழு இடங்களிலிருந்து கிளம்பியிருந்தேன். கிளம்புவதில் பெரிய வித்தை ஒன்றும் இல்லை. துண்டை உதறித் தோளில் போட வேண்டும், திரும்பிப் பார்க்கக் கூடாது. பக்கத்தில் வந்தவரோ பதினோரு வருஷம் ஒரே சாயப்பட்டறையில் நின்றவர். அவர் திரும்பித் திரும்பிப் பார்த்தார். சிரித்துக்கொண்டே பார்த்தார்.

ஒரு வார்த்தையைத் தப்பாகக் கேட்டுவிட்டு, அந்தத் தப்பை அத்தனை சரியாகப் பிடித்துக்கொண்ட இன்னொரு மனிதர் மதுரை ஜில்லாவில் அதற்கு முன்பும் இருந்ததில்லை, பின்பும் பிறக்கவில்லை. எழுபதுகளின் கடைசியில் ஆற்றோரத்துப் பட்டறையில் ஆறு மாதம் அவரோடு சாயத் தொட்டியில் நின்றவன் என்பதால் அடித்துச் சொல்கிறேன்.

எல்லாரும் அவரைக் கெட்டிச் சாயம் என்றுதான் கூப்பிட்டார்கள். முழங்கை வரைக்கும் நீலம். எந்தச் சோப்புக்கும் அசையாது. தூரத்திலிருந்து பார்த்தால் முழுக்கைச் சட்டையின் கையை மட்டும் போட்டுக்கொண்டு வருவது போல இருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை தவறாமல் கோயிலுக்குப் போகிற கிறிஸ்தவர். எழுத்துக்கூட்டக்கூடத் தெரியாது. ஒரு ஞாயிறு, கடவுள் மனிதனைத் தம்முடைய சாயலில் படைத்தார் என்று உபதேசியார் பிரசங்கம் செய்திருக்கிறார். கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்த இவர் காதுக்கு அது சாயம் என்று போய்ச் சேர்ந்தது. கடவுள் மனுசனைத் தன் சாயத்தில் முக்கி எடுத்திருக்கிறார். பதினோரு வருஷமாகத் தானும் அதே தொழில்தான் செய்கிறோம் என்று அன்றைக்கு வீட்டுக்கு ஆடிக்கொண்டே வந்தாராம்.

விஷயம் பரவி, உபதேசியார் பட்டறை வாசலுக்கே வந்துவிட்டார். சாயம் இல்லப்பா, சாயல், அப்படியென்றால் முகஜாடை என்று பொறுமையாக விளக்கினார்.

"ஐயா, சாயல நம்பக் கூடாது. எம் மகன் எஞ் சாயல்லயா இருக்கான்? அவென் தாய்மாமன உரிச்சு வச்சிருக்கான். சாயம்னா அப்பிடி இல்ல. முக்குனவர் கைப்பக்குவம் அது. அழுக்கு ஏறும், கந்தலாகும். ஆனா வெளுக்காது."

பதில் தேடிக்கொண்டு போன உபதேசியார் அப்புறம் பட்டறைப் பக்கம் வரவில்லை.

சாயத்தின் மேல் அவருக்கு இருந்த இந்தப் பிடிவாதத்தால் கஷ்டப்பட்டவர் எங்கள் மேஸ்திரி. அவருக்கு ஆட்களின் பெயர் மனதில் நிற்காது. தொட்டி கலக்குகிறவன் எருமை, ஈரத்துணி சுமக்கிறவன் கழுதை, மிச்சமிருக்கிற எல்லாரும் நாய். அதில் வஞ்சகம்கூடக் கிடையாது. அதுதான் அவருக்கு வருகைப்பதிவு. ஒருநாள் கெட்டிச் சாயத்தைப் பார்த்து, டேய் எருமை, அடுப்பில் விறகைத் தள்ளிவிடு என்றார். கெட்டிச் சாயம் துடுப்பைக் கீழே வைத்துவிட்டு, அலசுகிற தொட்டியில் கழுத்தளவுத் தண்ணீரில் இறங்கி உட்கார்ந்துகொண்டார். ஒரு மணி நேரம். கண்ணைக்கூடப் பாதிதான் திறந்தார்.

"எருமைன்னீக. எந்த எருமை அடுப்பத் தள்ளிவிட்டிருக்கு?"

இன்னொரு நாள் கழுதை என்றதற்குச் சுமையை அப்படியே போட்டுவிட்டு எதிர்ச் சுவருக்குப் போய், சினிமா போஸ்டரின் ஒரு மூலையைக் கிழித்து வாயில் போட்டு மென்றார். பசை நல்ல ருசி என்று வேறு சொன்னார். அதோடு மேஸ்திரி அவரிடம் மட்டும் அடங்கிப்போனார். எங்களிடம் அடங்கவில்லை.

நான் சொல்ல வந்த நாளில், கோயம்புத்தூரிலிருந்து ஒரு ஜவுளிக்காரர் சரக்குப் பார்க்க வந்திருந்தார். முதலாளியே நெற்றி நிறைய விபூதியோடு வந்து சேலைகளைப் பிரித்துக் காட்டினார். வந்தவர் கைக்குட்டையை நனைத்து ஒரு சேலையில் தேய்த்தார். கைக்குட்டை சிவந்துபோனது. அந்தச் சேலைகளை அலசியவன் நான். வெயில் தாங்காமல் மூன்று தண்ணீரில் அலச வேண்டியதை ஒரு தண்ணீரோடு நிறுத்தியிருந்தேன்.

"என்னங்க இது, குப்பைங்க" என்றார் வந்தவர்.

முதலாளிக்கு முகம் கறுத்துவிட்டது. "குப்பைங்காதீக. எம் பட்டறைச் சரக்கச் சொன்னா என்னையச் சொன்ன மாதிரி" என்றவர், அதே மூச்சில் எங்கள் பக்கம் திரும்பினார். "எந்த நாய்டா இத அலசுனது? அந்த நாயப் பிடிச்சு வெளிய தள்ளு."

நான் துண்டைத் தேட ஆரம்பித்தேன். நாய் என்பது எனக்குப் பெரிய விஷயமில்லை, அதைவிடப் பெரிய மிருகமெல்லாம் ஆகியிருக்கிறேன். அதற்குள் கெட்டிச் சாயம் கையில் நீலம் சொட்டச் சொட்ட முதலாளி முன்னால் போய் நின்றுவிட்டார்.

"மொதலாளி, தப்பு அவென் மேலதேன். வையிங்க. வேலைய விட்டுத் தூக்குங்க. நாய்ங்காதீக."

"சொன்னா என்னடா செய்வ?"

"நான் என்ன செய்யப் போறேன்? இப்பத்தான் நீங்களே சொன்னீக, சரக்கச் சொன்னா பட்டறைக்காரரச் சொன்ன மாதிரின்னு. இவென் எந்தப் பட்டறைச் சரக்கு?"

கேட்டுவிட்டு விரலை மேலே காட்டினார். விரலிலிருந்து ஒரு சொட்டு நீலம் முதலாளியின் வெள்ளை வேட்டியில் விழுந்தது. முதலாளி வேட்டியைப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார். தினமும் சாமி கும்பிட்டுவிட்டுப் பட்டறைக்கு வருகிறவர். கோயம்புத்தூர்க்காரர் சிரிப்பை அடக்கச் சிவப்புக் கைக்குட்டையை வாயில் வைத்துக்கொண்டார்.

கடைசியில் முதலாளி சொன்னார்: "ரெண்டு பேரும் வெளிய போங்க."

அதைத்தான் ஆற்று மணலில் கெட்டிச் சாயம் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். "போங்கன்னாரு. 'டா' போடலையே, கவனிச்சியா மாப்ள?"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. என்னால் உங்கள் வேலையும் போய்விட்டதே அண்ணே என்றேன்.

"ஒரே தொட்டியில முக்குன சரக்கு நாம. ஒன்னைய நாய்ன்னா எனக்கும்தான் அது" என்றார். வீட்டில் மனைவிக்கு இதைச் சொல்ல வேண்டும் என்பது அப்போதுதான் அவருக்கு நினைவு வந்தது போலிருந்தது. "அவ எந்த மிருகத்தச் சொல்லி வஞ்சாலும் இன்னைக்கு வாங்கிக்கிருவேன். ஒரு நாளைக்குத்தான."

ஆற்றைத் தாண்டிக் கரையேறும்போது சட்டென்று நின்றார்.

"ஆமா மாப்ள, ஒம் பேரு என்ன?"

ஆறு மாதமாக அவருக்கும் தெரியாது. எனக்குச் சொல்லவே கூச்சமாக இருந்தது. "சின்னக்காளை" என்றேன்.

அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே. பதினோரு வருஷ வேலையைக் கொடுத்து எந்த மிருகங்களிடமிருந்து என்னை மீட்டாரோ, அதே கொட்டிலில் நான் பிறந்ததிலிருந்து நின்றுகொண்டிருக்கிறேன். நீலக் கையால் தாடையைச் சொறிந்துகொண்டே கேட்டார்.

"வஞ்சு வச்சதா, கொஞ்சி வச்சதா?"

"கொஞ்சி வச்சதுதான்ணே."

"அப்பச் சரி."

காளவாசலில் ஒரு டீக்கடையில் டம்ளர் கழுவ ஆள் இல்லை, காலையில் போய்ப் பார் என்று சொல்லிவிட்டு, வீட்டுப் பக்கம் திரும்பினார். நடை கொஞ்சம் மெதுவாகத்தான் இருந்தது. அவர் பெயரை நான் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும்.

மறுநாள் விடிந்ததும் காளவாசலுக்குப் போனேன். நான் வாயைத் திறப்பதற்குள் டீக்கடைக்காரர் பாய்லரிலிருந்து தலையைத் தூக்கினார்.

"சின்னக்காளை நீதானப்பா? நீலக்கைக்காரரு ஒருத்தரு இம்புட்டு நேரம் உக்காந்து சொல்லிட்டு இப்பத்தான் போறாரு. பேரு காளை, ஆளு மனுசன், பேரச் சொல்லிக் கூப்பிடுங்கன்னு. உள்ள வா."

பெஞ்சின் ஓரத்தில் அவர் குடித்து வைத்த டம்ளர் இருந்தது. எடுத்து வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். நீலம் ஒரு பொட்டுக்கூட ஒட்டவில்லை. அன்றைக்கு நான் கழுவிய முதல் டம்ளர் அதுதான். மூன்று தண்ணீரில் அலசினேன்.