பக்கத்து நிலத்தின் கன அளவு

இரட்டை இன்டெக்ரலில் வரிசையை மாற்றலாம். எல்லைகளை மாற்றாமல் வரிசையை மட்டும் மாற்றக் கூடாது. இந்த ஒரு வாக்கியத்தைக் கற்றுக்கொள்ள எனக்கு ஆறு தொங்கான் மண் தேவைப்பட்டது.

அப்போது எனக்கு இருபத்திரண்டு வயது. மலாய் நாட்டின் ஜார்ஜ் டவுனில் ஒரு கட்டட ஆபீசில் தற்காலிகப் படவரைஞன். தபால் வழியாக உயர் கணிதம் படித்துக்கொண்டிருந்தேன். (படித்ததைவிட, படிப்பதாக ஊரெல்லாம் சொன்னது அதிகம்.) துறைமுகத்துக்குப் பின்னால் ஒரு முக்கோண மனை இருந்தது; அதன் சாய்வுப் பக்கத்தில் வேலி, வேலிக்கு அப்பால் வேறொருவர் நிலம். சாலையிலிருந்து உள்ளே போகப் போகப் பள்ளம். மழை பெய்தால் குளம்.

"எவ்வளவு மண் வேண்டும் என்று கணக்கிடு. தருவித்து மேடாக்கு. ஒழுங்காக முடித்தால் வேலை நிரந்தரம்" என்றார் பொறியாளர் துரை.

கூலியாட்களுக்குத் தலைவர் மண்டோர் முனியாண்டி. கையில் ஒரு கயிற்றோடு மனையைச் சுற்றி வந்தார்.

"ஆறு தொங்கான் போதும், கிராணி தம்பி."

தொங்கான் என்பது எதிர்க்கரைப் பிறை ஊரிலிருந்து மண் ஏற்றி வரும் பெரிய படகு. கிராணி என்பது குமாஸ்தா, அதாவது நான்.

"எப்படிச் சொல்றீங்க?"

"நடந்து பார்த்தேன் லா."

கணிதத்துக்கே அவமானம் நேர்ந்ததாக எனக்குப் பட்டது. காகிதத்தை எடுத்தேன்.

இன்டெக்ரல் என்பது கன அளவைத் துண்டு துண்டாக வெட்டிக் கூட்டுவது. ரொட்டியை நெடுக்கேயும் வெட்டலாம், குறுக்கேயும் வெட்டலாம். துண்டுகளைச் சேர்த்தால் அதே ரொட்டிதான். மனையை நெடுக்கே வெட்டியபோது கணக்கு முதல் படியிலேயே சிக்கிக்கொண்டது. எனவே வரிசையை மாற்றிக் குறுக்கே வெட்டினேன். அதில் தவறில்லை. ஆனால் முக்கோணத்தில் கத்தியைத் திருப்பினால், ஒவ்வொரு துண்டும் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று புதிதாக எழுத வேண்டும். நெடுக்கே வெட்டியபோது துண்டுகள் வேலியில் முடிந்தன; குறுக்கே வெட்டும்போது அதே வேலியில் தொடங்க வேண்டும். நான் எக்ஸ், ஒய் என்ற எழுத்துகளை மட்டும் இடம் மாற்றி, மறுபடியும் வேலியிலேயே முடித்தேன். கணக்கு வெண்ணெயாக உருகி வந்தது. (அப்போதே சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.) விடை: பன்னிரண்டு தொங்கான்.

ஆறாவது தொங்கான் மண் கொட்டியதும் மனை சாலை மட்டத்துக்கு வந்துவிட்டது.

"நெறைஞ்சிருச்சு தம்பி" என்றார் மண்டோர்.

"இன்னும் ஆறு வரணும், மண்டோரே."

"எங்க கொட்டுறது? ஒங்க தலையிலயா?"

"மண்ணு அமுங்கும். மிதிக்கச் சொல்லுங்க."

ஆட்கள் மிதித்தார்கள். நானும் சப்பாத்தைக் கழற்றிவிட்டு மிதித்தேன். மண் ஓர் அங்குலம் அமுங்கியது. கணக்கு இருக்கும்போது கண்ணை நம்பக் கூடாது என்ற உறுதியோடு ஏழாவதை வரவழைத்தேன், எட்டாவதையும். பதினோராவதில் அது மனையாக இல்லை, குன்றாக இருந்தது. பன்னிரண்டாவது வந்த அன்று பிற்பகல் மழை பிடித்தது. குன்று வேலியைச் சாய்த்துக்கொண்டு பக்கத்து நிலத்தில் இறங்கியது.

அங்கே ஒரு சீனத் தவுக்கே, அதாவது முதலாளி, வாத்து வளர்த்தார். வாத்துகள் உயரமான இடம் கிடைத்த மகிழ்ச்சியில் குன்றின் மேல் ஏறி நின்றன. தவுக்கே பனியனோடு ஓடி வந்து மலாயில் என்னைப் பார்த்துக் கத்தினார்: "அப்பா இனி? அப்பா இனி?"

'இது என்ன' என்று பொருள். மண்டோருக்கு அது நன்றாகவே தெரியும். ஆனாலும் சொன்னார்: "அப்பாங்கறாரு, பதில் சொல்லுங்க தம்பி."

துரை குடையோடு வந்தார். குன்றைப் பார்த்தார், வாத்துகளைப் பார்த்தார், என் தாளை வாங்கினார். மனையின் வரைபடத்தின் மேல் பென்சிலை வைத்து, நான் எழுதிய எல்லைகளின்படி ஒவ்வொரு கோடாக இழுத்தார். எல்லாக் கோடுகளும் வேலிக்கு அந்தப் பக்கம் விழுந்தன.

"கூட்டல் பெருக்கலில் தவறே இல்லை" என்றார் துரை. "ஆனால் இது அவருடைய நிலம்."

மண்டோர் இதைத் தவுக்கேக்கு மலாயில் விளக்கினார். தவுக்கேயின் முகம் மாறியது. என் தாளை இரண்டு கைகளாலும் வாங்கிப் பார்த்துவிட்டு ஏதோ கேட்டார். மண்டோர் சிரிப்பை அடக்கிக்கொண்டு சொன்னார்:

"அவரு நெலமும் மழைக்கு முங்குதாம். அவருக்குப் பன்னெண்டுன்னு கிராணி எழுதியிருக்காரு, வந்தது ஆறுதான். மிச்சம் ஆறு எப்ப வரும்னு கேக்குறாரு லா!"

மறுநாள் எல்லைகளைத் திருத்தி, விடாமல் உட்கார்ந்து கணக்கை மறுபடி போட்டேன். இம்முறை அது வெண்ணெயாக உருகவில்லை, கல்லாக நின்றது. மதியம் வரை முட்டி மோதி உடைத்தேன். விடை: ஆறு தொங்கான். துரையிடம் கொண்டுபோய் நீட்டினேன். அவர் நிதானமாகப் பார்த்தார்.

"கையெழுத்து அழகாக இருக்கிறது. பத்திரிகை ஆபீஸ் எதிலாவது முயன்று பார்."

முயன்றேன். பிறர் விவகாரங்களைத் துல்லியமாக அளந்து எழுதுவதே முப்பது வருடமாக என் பிழைப்பு. ஒவ்வொரு கட்டுரையும் அச்சுக்குப் போகும்போது என் மனைவி கேட்பாள்: "இதுவும் பக்கத்து நிலந்தானா?"

இதை எழுதி முடித்தபோதும் கேட்டாள். முதல் முறையாக, "இல்லை, சொந்த மனைதான்" என்று சொல்ல முடிந்தது.