வலது பொத்தானும் இருபத்தொரு செக்கனும்

சண்டிலிப்பாய்,
சனிக்கிழமை.

அன்பின் மருமகன் வாகீசனுக்கு,

மாமன் தம்பிஐயா எழுதுவது. அம்பாளின் கிருபையால் நானும் உன் மாமி உதயகலாவும் சுகம். நோர்வேக் குளிரிலே நீயும் சுகமாயிருக்க வேண்டும். நீ உன் அம்மாவிடம் விட்டுப்போன லப்டொப்புக்கு மட்டும் சுகமில்லை. இந்தக் கடிதம் அதைப் பற்றியது. போனில் கதைத்தால் நீ "ஓம் மாமா, ஓம் மாமா" என்று சொல்லிக்கொண்டு வேறு அலுவல் பார்ப்பாய். ஆகையால் தாளில் எழுதி, மாமியைக் கொண்டு படம் பிடிப்பித்து வட்ஸ்அப்பில் அனுப்புகிறேன். எழுத நேரம் எங்கே கிடைத்தது என்று கேட்பாய். மௌஸின் வலது பொத்தானை அமத்திவிட்டு, மெனு வரும்வரை சும்மா இருக்கிற நேரத்தில்தான் எழுதுகிறேன். பொறு, வந்துவிட்டது.

விசயம் இதுதான். அக்காவின், அதுதான் உன் அம்மாவின், முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி அடுத்த ஞாயிறு. அன்றைக்கு வருகிற சனத்துக்குக் கொடுக்கக் கல்வெட்டுப் புத்தகம் வேண்டும். அக்காவின் படம், வாழ்க்கை வரலாறு, வம்சாவளி, மகன் புலம்பல், சகோதரன் புலம்பல் என்று எல்லாம் செவ்வாய் காலமை அச்சகத்தில் இருக்க வேண்டும். கல்வெட்டு இல்லாமல் அந்தியேட்டி செய்தால் ஊரில் தலைகாட்ட ஏலாது, அது ஒருபக்கம். மற்றப்பக்கம், ஊரில் செத்த வீடுகளில் கொடுத்த கல்வெட்டுகளையெல்லாம் அக்கா அடுக்கி வைத்து, ஒவ்வொன்றிலும் பிழை பிடித்து, "தம்பி, என்ரையை நீதான் செய்யவேணும், வேறை ஆரும் செய்தால் உப்பிடித்தான் பேர் மாறிப் போடுவாங்கள்" என்று என்னிடம் இரண்டு முறை சொன்னவ. செய்தே தீருவேன்.

ஓரிடத்தில் இருப்பதை எடுத்து இன்னோரிடத்தில் ஒட்டுவதற்கு வலது பொத்தானை அமத்த வேண்டும் என்று நீயே எனக்குக் காட்டித் தந்தாய். அமத்துகிறேன். நீல வட்டம் சுற்றுகிறது. மணிக்கூட்டை வைத்துப் பார்த்தேன், இருபத்தொரு செக்கன். ஒட்டுவதற்கு இன்னுமொரு இருபத்தொன்று. முந்தநாள் பொறுமை கெட்டு ஏழு தரம் அமத்தினேன். அது ஏழையும் கணக்கு வைத்திருந்து, வம்சாவளியில் உன் பெயரை ஏழு தரம் ஒட்டிவிட்டது. மாமி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தாள். "மச்சாளுக்கு ஏழு வாகீசன் எண்டு கிடக்கு. செத்த வீட்டுக்கு ஒண்டாவது வந்திருக்கலாம்" என்றாள். கோபிக்காதே. உன் வீசா அலுவல் அவளுக்கும் தெரியும், வாய்தான் கேட்காது.

முப்பது வருசம் தோட்டத்துக்கு இறைக்கிற மெசின் திருத்தினவன் நான். குற்றம் எங்கே என்று தெரியாவிட்டால் ஒவ்வொரு பாகமாகக் கழற்றிப் பார்ப்பதுதான் தொழில். முதலில் மௌஸை மாற்றினேன். அதே இருபத்தொன்று. யூடியூபில் ஒருவன், மெனுவுக்குள்ளே தேவையில்லாத புரோகிராம்கள் வந்து குந்தியிருந்தால் தாமதிக்கும் என்றான். பார்த்தால் கலியாண வீட்டுப் பந்தி போலக் கிடக்கிறது. இரண்டு வைரஸ் காவல்காரர், சுருக்கின ஃபைல்களின் கட்டு அவிழ்க்கிறவர் மூன்று பேர், படத்துக்கு வெள்ளையடிக்கிற ஒருவர், என்ன தொழிலென்றே தெரியாத ஒருவர். ஒவ்வொருவராக எழுப்பி அனுப்பினேன். ஐந்தாவது ஆளை எழுப்பினதும் அக்காவின் வரலாறு முழுக்கச் சின்னச் சின்னப் பெட்டிகளாகிவிட்டது. அவர்தான் தமிழ் எழுத்தைக் காட்டுகிறவராம்! எனக்கு எப்படித் தெரியும்? காலில் விழாத குறையாகத் திரும்பக் கூட்டி வந்தேன். மெனு, அதே இருபத்தொன்று.

நேற்று நடந்ததைச் சொல்ல வெட்கமாயிருக்கிறது. அக்காவின் நல்ல படம் அது ஒன்றுதான், மயில்நீலச் சேலையோடு நிற்கிறது. அதன்மேல் வலது பொத்தானை அமத்தினேன், வரவில்லை. கை சும்மா கிடக்குமா? வேறெங்கோ தட்டப் போன நேரம் பார்த்து அறுவான் மெனு வந்து விரித்தது, என் விரல் "அழி" என்பதிலே விழுந்தது. "ஐயோ, மச்சாளைக் குப்பைக்குள்ளை போட்டிட்டியளே! எடுங்கோ வெளியிலை!" என்று மாமி கத்திக் குழறினாள். வெளியிலே எடுக்கவும் வலது பொத்தான்தான் வேண்டும். இருபத்தொரு செக்கனும் எண்ணி முடித்துத்தான் அக்காவை வெளியிலே எடுத்தேன்.

விடுவேனா? இன்று காலமை லப்டொப்பைத் துவாயில் சுற்றிச் சைக்கிளில் கட்டிக்கொண்டு, சந்தியில் றிப்பெயர்க் கடை வைத்திருக்கிற சயந்தனிடம் போனேன். அரை மணித்தியாலம் தட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தான்.

"ஐயா, இது பழுதில்லை. நீங்கள் அமத்த அமத்த இது நோர்வேயிலை ஒரு பெட்டியைத் தேடிப் போகுது."

"நோர்வேயிலையோ?"

"ஓம். உங்கடை மருமகன் தன்ரை வீட்டுக் கொம்பியூட்டரோடை இதைத் தொடுத்து விட்டிருக்கிறார். அது இப்ப நிப்பாட்டிக் கிடக்குது போலை. இது ஒவ்வொரு தரமும் போய்க் கூப்பிட்டுப் பாத்து, பதில் இல்லையெண்ட பிறகுதான் மெனுவைக் காட்டுது. வெட்டிவிடட்டோ?"

கடைசி மாதம் அக்காவும் அப்படித்தான், மருமகன். மருந்தை நீட்டினால், "வாகீசன் போன் எடுத்தவனோ?" என்று கேட்பா. இல்லை என்றால் கொஞ்ச நேரம் பேசாமல் கிடந்துவிட்டுத்தான் வாயைத் திறப்பா. கடை வாசலிலே நின்று அழுதேன். சயந்தன் பாவம், சோடா வாங்கித் தந்தான். உடையவனைக் கேட்காமல் வெட்டக்கூடாது என்று சொல்லித் திருப்பிக் கொண்டு வந்துவிட்டேன்.

ஆகவே நாளைக்குள் ஒன்று செய். நிப்பாட்டிக் கிடக்கிற அந்தப் பெட்டியைத் திரும்பப் போட்டு விடு, அல்லது வெட்டு என்று ஒரு சொல் எழுது. உன் பங்குப் புலம்பலைப் பற்றிக் கவலைப்படாதே. "எனக்குத் தமிழிலை எழுத வராது மாமா, நீங்களே எழுதுங்கோ" என்றாயே, பதினாறு வரி எழுதிவிட்டேன். பெற்றெடுத்த தெய்வமே என்று தொடங்கி, இனி எங்கு காண்பேன் என்று முடிகிறது. ஊரிலே எல்லா மகன்மாரும் அப்படித்தான் புலம்புகிறார்கள்.

வேளைக்குச் சாப்பிடு. காது மூடித் தொப்பி போடு. மாமி கறித்தூள் இடித்து வைத்திருக்கிறாள், ஆராவது வந்தால் கொடுத்து விடுவாள். அம்பாள் உன் கூடவே நிற்பா.

இப்படிக்கு,
உன் மாமன்
தம்பிஐயா

பி.கு.: மாமி படம் பிடிக்க முதல் அச்சகத்துப் பிள்ளை தக்சாயினி போன் எடுத்தாள். லப்டொப்பில் கொண்டு போனால் அவர்களின் மெசினில் எழுத்துக் குழம்புமாம், எப்படியும் தாங்களே புதிதாக அடிக்க வேண்டுமாம். "கையாலை எழுதித் தாங்கோ ஐயா, அதுதான் எங்களுக்கு லேசு" என்கிறாள். நாலு நாள் போச்சு! நீ பெட்டியைப் போடவும் வேண்டாம், வெட்டவும் வேண்டாம். கண்டறியாத லப்டொப்பை மூடி அலுமாரிக்குள் வைத்துவிட்டுப் பேனையை எடுத்தேன். வரலாறு, வம்சாவளி, என் புலம்பல் எல்லாம் ஒரே இருப்பில் முடிந்தது. உன் புலம்பலில்தான் கை நின்றுவிட்டது. அந்தப் பதினாறு வரியில் ஒன்றுகூட நீ சொல்லக்கூடியதில்லை. கிழித்துப்போட்டேன். நாலு வரி போதும், நீயே எழுது. தமிழ் பிழைத்தால் பிழைக்கட்டும், நான் திருத்தமாட்டேன். உன் பெயரைப் போட்டு ஒரு பக்கம் விட்டிருக்கிறேன். செவ்வாய் காலமைக்குள் நீ எழுதி அனுப்பாவிட்டால், அந்தப் பக்கம் வெறுமையாகவே அச்சாகும்.