கூரை மடங்கும் கார் விற்பனைக்கு

"காருக்குக் கூரை இருக்குதுங்களா?" என்று போனில் கேட்டார் சிதம்பரத்துக்காரர்.

வளர்மதி வாயைத் திறப்பதற்குள் அவள் கணவன் திருமால் போனை வாங்கிக்கொண்டான்.

"இருக்குதுங்க. மடங்கிக் கெடக்குது. ஜெர்மன்காரன் வேலை. தொறந்து பத்து வருஷமாச்சு, இன்னும் மூட வரல."

யோசித்துச் சொல்வதாகச் சொல்லி அவர் போனை வைத்தார். அவர் யோசித்து முடிப்பதற்குள் அடுத்த தேர்தல் வந்துவிடும்.

"ஏங்க, விக்கிற பொருளப் பத்தி இப்பிடியா பேசுவாங்க?"

"பொய் சொல்லி விக்கச் சொல்றியா வளரு?"

கல்யாணமான பதினாறு வருஷத்தில் திருமாலுக்கு உண்மை பேசவேண்டும் என்று தோன்றியது இந்தக் கார் விஷயத்தில் மட்டும்தான்.

பாண்டிச்சேரி ஏலத்தில் எடுத்த கார் அது. லாரியில் வந்து இறங்கியது. அதன் பிறகு ஒரு அடி நகரவில்லை. திருமால் தினமும் அதில் உட்கார்ந்து பேப்பர் படிப்பான். அது நிற்கிற ஷெட்தான் வளர்மதிக்கு வேண்டும். விருத்தாசலத்தில் அவள் செய்யும் பீங்கான் விளக்குகளை இத்தனை வருஷமும் அடுத்தவர் சூளையில் வரிசையில் நின்று சுட்டாள். இந்தக் கார்த்திகைக்கு ஐயாயிரம் விளக்கு ஆர்டர். சொந்தமாக மின்சூளை வாங்க, சேர்த்துவைத்த அறுபதாயிரத்தை நோட்டுக்கட்டாகக் கட்டி, மேல் நோட்டில் குங்குமம் வைத்து, அட்வான்ஸ் கட்டச் சொல்லித் திருமாலிடம்தான் கொடுத்தனுப்பினாள். பதினைந்தாம் தேதி சூளை வருகிறது.

கூரையைச் சரிசெய்ய மெக்கானிக் மணியைக் கூப்பிட்டாள். நாலு பேர் பிடித்து இழுத்ததில் கூரை பாதி எழுந்து, அங்கேயே நின்றுவிட்டது. கூடவே கதவுகளும் இறுகிக்கொண்டன. டிரைவர் சீட்டில் உட்கார்ந்து மேற்பார்வை பார்த்த திருமால் பின்பக்கமாகத் தவழ்ந்து வெளியே வந்தான்.

போட்டோவிலாவது அழகாக இருக்கட்டும் என்று கழுவினாள். ஓட்டைகளை அதுவரை அழுக்குதான் அடைத்துக்கொண்டிருந்தது என்பது கழுவிய பிறகு தெரிந்தது.

கருவேப்பிலங்குறிச்சியிலிருந்து ஒருவர் நேரிலேயே வந்தார். சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

"கோழி அடைக்கலாம். பாம்பு வராதுங்களே?"

"புதுசா எதுவும் வராதுங்க," என்றான் திருமால். "இருக்கிறது வுடாது."

போலீஸ், பஞ்சாயத்து எதிலும் ஆகாத காரியத்துக்கு இந்த ஊரில் கொளஞ்சியப்பர் கோயில் இருக்கிறது. குறையைப் பிராதாகத் தாளில் எழுதிக் கட்டிவிட்டு வந்தால் தொண்ணூறு நாளில் சாமி தீர்த்துவைப்பார். வளர்மதி எழுதினாள்: 'என் ஷெட்டில் நிற்கும் காரை அப்புறப்படுத்தித் தரவும்.'

பேனா கொடுத்தது திருமால்தான்.

"வித்துடலாம் வளரு. பணத்தையும் நீயே வச்சிக்க. உன் சந்தோசம்தான் எனக்கு முக்கியம்."

அந்த இடத்தில் அவள் சந்தேகப்பட்டிருக்க வேண்டும். சாமியின் சக்தி என்று நினைத்துக்கொண்டாள்.

தொண்ணூறு நாள் எதற்கு? நாலாம் நாளே சேத்தியாத்தோப்பிலிருந்து தமிழ்மணி என்பவர் லாரியோடு வந்தார். காரின் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பேரமும் பேசவில்லை. அறுபதாயிரத்தை நீட்டினார். மேல் நோட்டில் குங்குமம் இருந்தது. நல்ல பக்திமான் என்று வளர்மதி நோட்டைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

திருமால் அழவில்லை. "வேகத்தடையில மெதுவாப் போப்பா," என்று மட்டும் லாரி டிரைவர் தனக்கோடியிடம் சொன்னான்.

அவள் கோயிலுக்குப் போய்ப் பிராதை வாபஸ் வாங்கி, அர்ச்சனையும் செய்தாள். கையிலிருந்த பணத்தில் ஷெட்டுக்கு சிமென்ட் தரை போட்டாள், மூணு ஃபேஸ் கரண்டு இழுத்தாள், ஐயாயிரம் விளக்குக்கு மண் வாங்கினாள். பணம் கடைசி ரூபாய்வரை தீர்ந்தது. தரை கண்ணாடி மாதிரி மின்னியது. திருமால்கூட இரண்டு முறை வந்து தரையைத் தடவிப் பார்த்துவிட்டுப் போனான்.

பதினைந்தாம் தேதி காலையில் தெருமுனையில் லாரிச் சத்தம். வளர்மதி ஆரத்தித் தட்டோடு வாசலுக்கு ஓடினாள். தார்ப்பாய் போர்த்திய லாரியைப் பார்த்ததும் திருமால் தலைவலிக்கிறது என்று உள்ளே போனான்.

லாரியிலிருந்து இறங்கியவர் தனக்கோடி. தார்ப்பாயை அவிழ்த்தார். பாதி எழுந்த கூரை முதலில் தெரிந்தது.

"என்னங்க இது? என் சூளை எங்க?"

"சூளையெல்லாம் தெரியாதுங்க. 'சூளைக்குக் குடுத்த அட்வான்ஸத் திருப்பி வாங்கி, என் வூட்டுக்காரரு கையில குடுத்துத் தன் காரையே வாங்குன ஆளு வாசல்லயே கொண்டுபோயி எறக்கு, எங்க வூட்டுல கெடக்க வேணாம்'னு தமிழ்மணி சார் சம்சாரம் ஏத்தி வுட்டாங்க. தரை நல்லாத்தான் போட்டிருக்கீங்க, அப்பிடியே உள்ள தள்ளிடட்டுங்களா?"