ஆலப்பாக்கம், புதுச்சத்திரம், சிதம்பரம்

கடலூர் மாவட்டத்திலேயே ஞானஸ்நானத் தொட்டியில் அதிகமுறை முழுகியவர் யார் என்று போட்டி வைத்தால், இரண்டாம் பரிசுக்குத்தான் ஆள் தேட வேண்டும். முதல் பரிசு எங்கள் தொட்டிக்காரருக்கு. இதில் வேடிக்கை, அத்தனை முறை முழுகியும் அவர் ஞானஸ்நானம் பெறாத மனிதர்.

குழம்ப வேண்டாம், சொல்கிறேன். நான் படித்தது கடலூரில் ஒரு பாப்டிஸ்ட் இறையியல் கல்லூரியில். பாப்டிஸ்ட்காரர்கள் கைக்குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுப்பதில்லை. தலையில் நாலு சொட்டுத் தெளித்துவிட்டு வீட்டுக்குப் போகிற வேலையும் கிடையாது. வளர்ந்த ஆள், எல்லோர் முன்னாலும் தன் விசுவாசத்தைத் தன் வாயாலேயே சொல்ல வேண்டும். பிறகு பாஸ்டர் அவரை இடுப்பளவு தண்ணீரில் நிறுத்தி, மல்லாக்கச் சாய்த்து, முழுசாக முழுக்கி எடுக்க வேண்டும். கேட்க சுலபமாக இருக்கும். ஈர வேட்டி கட்டிய பருத்த ஆசாமி ஒருவரைச் சாய்த்துத் தூக்கிப் பாருங்கள், அப்போது தெரியும். அதனால் எங்கள் கல்லூரியில் இதற்கென்றே ஒரு செய்முறைத் தேர்வு உண்டு. தேர்வுக்கு முழுக்கப்பட ஓர் ஆள் வேண்டுமல்லவா? அவர்தான் தொட்டிக்காரர்.

அவர் வேலைக்குச் சேர்ந்தது மோட்டார் போட. தொட்டியை நிரப்புவது, கழுவுவது, பாசி சுரண்டுவது. ஒருநாள் பயிற்சிக்கு வர வேண்டிய ஆள் வரவில்லை என்று இவரை இறக்கியிருக்கிறார்கள். இறங்கியவர் இருபது வருடம் ஏறவில்லை. காக்கி அரை டவுசர், பனியன், மூக்கைப் பிடிக்க இரண்டு விரல். தண்ணீரிலிருந்து எழுந்ததும் முகத்தைக்கூடத் துடைக்காமல் மார்க் சொல்வார்.

"காதுல தண்ணி பூந்துடுச்சி. முப்பத்தெட்டு."

"முட்டிய மடக்கல நீ. இடுப்பு புடிச்சிக்கும் தம்பி, கல்யாணம் ஆவுற வயசு. நாப்பத்திரண்டு."

பிரின்ஸ்பால் அய்யா கரையில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார். பெரிய படிப்பு படித்தவர். ஆனால் தொட்டிக்காரர் சொன்னதைத்தான் நோட்டில் எழுதிக்கொள்வார். எழுபதுக்கு மேல் ஒருவனும் வாங்கியதில்லை.

ஒரே ஒரு சட்டம் வைத்திருந்தார். பயிற்சியில் நிஜ வார்த்தையைச் சொல்லக் கூடாது. பிதா, குமாரன், பரிசுத்த ஆவி என்று மூன்று நாமத்தையும் சொல்லித்தான் ஞானஸ்நானம் கொடுப்பது வழக்கம். அதற்குப் பதிலாக, கடலூரிலிருந்து சிதம்பரம் போகிற வழியில் மூன்று பஸ் ஸ்டாப்பைச் சொல்ல வேண்டும். ஆலப்பாக்கம் என்றால் கையைப் பிடி. புதுச்சத்திரம் என்றால் சாய். சிதம்பரம் என்றால் முழுக்கு. வெளியூர் விருந்தினர்கள் வந்து பார்த்துவிட்டு, கல்லூரியில் ஏதோ கண்டக்டர் பயிற்சியும் தருகிறார்கள் போல என்று நினைத்துக்கொண்டு போவார்கள்.

"ஏண்ணே அப்படி?" என்று கேட்டால், "அந்த வார்த்த எனக்கு வேணும். அத ஒங்க கையில குடுத்து கசக்க முடியாது" என்பார். நாங்கள் சிரித்துவிட்டுப் போய்விடுவோம்.

கல்லூரியின் வரலாற்றை பிரின்ஸ்பால் அய்யா ஒவ்வொரு ஸ்தாபகர் நாளிலும் ஒரு மணி நேரம் வாசிப்பார். தொட்டிக்காரர் இரண்டு நிமிடத்தில் முடிப்பார். அவர் கணக்கில் மூன்றே காலம். முதலாவது கெடிலம் காலம். "தொட்டியே கெடையாது. காலேஜ் ஆரம்பிச்ச வெள்ளக்கார தொர, பசங்கள திருவந்திபுரம் பக்கம் கெடிலத்துக்கு நடத்திக் கூட்டினு போவாரு. ஆத்துல தண்ணி இருந்தா பாஸ்டர். மழ பெய்யாத வருசம் ஒருத்தனும் பாஸ்டர் ஆவல." இரண்டாவது சிமென்ட் காலம். "ஒழுவுற தொட்டி. பாட்டு முடியறதுக்குள்ள முழுக்கி எடுத்துடணும், இல்லாட்டி தண்ணி முட்டி அளவுக்கு எறங்கிடும்." மூன்றாவது டைல்ஸ் காலம். "வழுக்குது. டைல்ஸ் போட்டவன் கண்டிப்பா பாப்டிஸ்ட்டு இல்ல."

படிப்புகளையும் அவர் பிரித்து வைத்திருந்தார். ஒரு வருட சான்றிதழ் படிப்புக்குக் கம்மாபுரம் பக்கத்திலிருந்து வயலில் வேலை செய்த பையன்கள் வருவார்கள். அவர்கள் கை தங்கம். மூன்று வருட பட்டப் படிப்புக்காரர்கள் சுமார். அதற்கும் மேலே கிரேக்கு, எபிரேயு எல்லாம் படிக்கிறவர்கள் வந்தால் உடனே பிலோமினா அக்காவுக்கு போன் போட்டுச் சொல்லிவிட்டுத்தான் இறங்குவார். பிலோமினா அக்கா அவர் மனைவி. "படிப்பு ஏற ஏற கை எறங்குது தம்பி. நான் என்னா பண்றது?"

பிறகு கல்லூரியில் ஆன்லைன் படிப்பு தொடங்கினார்கள். மனிதருக்கு வந்ததே கோபம். "போன்லயே முழுக்குவீங்களாய்யா?" கடைசியில் வெளியூர் மாணவன் ஒருவன் தன் மச்சானைக் கிணற்றடித் தொட்டியில் முழுக்கி வீடியோ அனுப்பினான். தொட்டிக்காரர் மூக்குக் கண்ணாடி போட்டுக்கொண்டு மூன்று முறை பார்த்தார். "மச்சான் மூஞ்சில பயம் தெரியுது. முழுவுறவன் பயப்படக் கூடாது. பத்து மார்க்கு கொறச்சிக்குங்கய்யா."

இனி என் கதை. நான் கிரேக்கு கோஷ்டி. அதோடு உடம்பும் ஒல்லி. தேர்வன்று சிதம்பரத்திலிருந்து ஒரு சின்ன சபையின் பெரியவர்கள் இரண்டு பேர் வந்து உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் சபைக்கு பாஸ்டர் வேண்டும், என்னைப் பார்க்க வந்திருக்கிறார்கள். பெண் பார்க்க வந்தால்கூட எனக்கு அவ்வளவு வியர்த்திருக்காது.

"தம்பி, ஒதறாத. நான் ஒண்ணும் கனமில்ல. நெனப்புதான் கனம்" என்று மூக்கைப் பிடித்துக்கொண்டே சொன்னார் தொட்டிக்காரர்.

ஒரு மாதமாக அறையில் தலையணையை வைத்து ஒத்திகை பார்த்திருந்தேன். தலையணைக்கு நிஜ வார்த்தைகளையே சொல்லிப் பழகியிருந்தேன், அதற்கென்ன தெரியும் என்று. கரையில் பெரியவர்களைப் பார்த்தேன். ஆலப்பாக்கம் மறந்துபோனது. மணி அடித்தாற்போல் பிதா, குமாரன், பரிசுத்த ஆவியின் நாமத்தில் உமக்கு ஞானஸ்நானம் கொடுக்கிறேன் என்று தெளிவாகச் சொல்லி முழுக்கினேன். சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று உறைத்தது. கை விட்டுப்போயிற்று. அவர் தலை கீழே போனது, இரண்டு பாதங்கள் மேலே வந்தன.

தானே எழுந்து நின்றார். இருமினார். எல்லோரும் மார்க்குக்காகக் காத்திருந்தோம். அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் துண்டை எடுத்துக்கொண்டு போய்விட்டார். மோட்டாரைக்கூட நிறுத்தவில்லை. மத்தியானம் வரை தொட்டி வழிந்தது.

சாயங்காலமே ஆசிரியர் கூட்டம். வார்த்தையும் ஆயிற்று, தண்ணீரும் ஆயிற்று, அப்படியானால் தொட்டிக்காரர் ஞானஸ்நானம் பெற்றவரா இல்லையா? புத்தகங்களைப் புரட்டினார்கள். ஒருவர் ஆயிற்று என்றார், ஒருவர் ஆகவில்லை என்றார், இன்னொருவர் டீ வருமா என்றார். கடைசியில் பிரின்ஸ்பால் அய்யா தீர்ப்புச் சொன்னார். "அவர் வாயால விசுவாசத்தை அறிக்கை பண்ணல. அறிக்கை இல்லாத முழுக்கு வெறும் குளியல்."

பாப்டிஸ்ட் உபதேசப்படி அப்பழுக்கில்லாத தீர்ப்பு. அதைச் சொல்ல மறுநாள் ஓ.டி. என்கிற பழைய கடலூரில் இருந்த அவர் வீட்டுக்கு ஓடினேன்.

"அண்ணே, ஒண்ணும் ஆவலயாம். குளிச்ச மாதிரிதானாம்."

அவர் வாசலில் உட்கார்ந்து பழைய வால்வு ஒன்றைத் துடைத்துக்கொண்டிருந்தார். நிமிரவில்லை. "அது எனக்கும் தெரியும் தம்பி. பிரச்சன அது இல்ல."

"பின்ன என்னாண்ணே?"

"இருவது வருசமா முழுவுறேன். எனக்குத் தண்ணி பழகிப்போச்சி. நாளைக்கு நெசமா முழுவுற அன்னைக்கு, மனசுல ஒண்ணுமே தோணலன்னா என்னா பண்றது? எழுந்து துண்டத் தேடுனேன்னா? அந்தப் பயத்துலதான் தள்ளிக்கிட்டே வந்தேன். ஒடம்புதான் பழசாயிடுச்சி, வார்த்தயாவது புதுசா இருக்கட்டும்னு எடுத்து வச்சிருந்தேன். அதயும் நீ போட்டு ஒடச்சிட்ட."

பிலோமினா அக்கா உள்ளேயிருந்து டீ கொண்டுவந்தார். அவர் கத்தோலிக்கர். "எனக்கெல்லாம் பத்து நாள் புள்ளையிலயே ஊத்திட்டாங்க தம்பி. வீல்னு அழுதேனாம். அவ்ளோதான். இந்தாளு என்னாடான்னா தெனம் தெனம் முழுவிட்டு கணக்குப் பாத்துக்கினு கெடக்குறாரு."

"அழுதா பாரு தம்பி, அதான்" என்றார் தொட்டிக்காரர். "அது போதும். எனக்கு அழுவ வருமா?"

அன்றோடு அவர் பயிற்சிக்கு இறங்குவதை விட்டுவிட்டார். மோட்டார் போடுவார், பாசி சுரண்டுவார், அவ்வளவுதான். மாணவர்கள் ஒருவரையொருவர் முழுக்கிக்கொள்ள வேண்டியதாயிற்று. நானும் அப்படித்தான் மறுதேர்வு எழுதி ஓரமாகத் தேறினேன். கல்லூரி வரலாற்றின் நான்காவது காலம் என்னால் தொடங்கியது என்று வெளியே சொல்லிக்கொள்ள முடியுமா? சிதம்பரத்துப் பெரியவர்கள் மட்டும், "கை சரியில்ல, ஆனா கொரல் நல்லாருக்கு" என்று என்னை எடுத்துக்கொண்டார்கள்.

இரண்டு வருடம் போயிருக்கும். ஒருநாள் காலையில் போன்.

"பாஸ்டர்தான?"

"ஆமாங்க, யாரு?"

"தொட்டி. எனக்கு முழுக்கு குடுக்கணும். நெச முழுக்கு."

எனக்குச் சந்தோஷம்தான். கூடவே பழைய பாதங்கள் இரண்டும் கண்முன் வந்தன. "அண்ணே, பிரின்ஸ்பால் அய்யா இருக்காரு. பெரிய பெரிய பாஸ்டருங்க இருக்காங்க…"

"அவுங்க கை எல்லாம் எனக்குத் தெரியும். சோபாவுல சாய்ஞ்ச மாதிரி இருக்கும். தூக்கம்தான் வரும். ஒங்க கையிலதான் பாஸ்டர், ஆண்டவரே காப்பாத்துன்னு மனசார கூப்புட வரும்."

பாராட்டா, திட்டா? இன்றுவரை எனக்குத் தெரியாது.

"தொட்டியில வேணாம். தொட்டி எனக்கு ஆபீசு. ஆத்துல வச்சிக்கலாம்" என்றார்.

"ஒங்களுக்கு நீச்சல் தெரியுமாண்ணே?"

"தெரியாது. ஒங்களுக்கு?"

"தெரியாது."

"அப்ப ரொம்ப நல்லதாப் போச்சி."

மழை விட்டு, வெள்ளாற்றில் தண்ணீர் தெளிந்திருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை. கரையில் என் சபையார், நாற்காலியில் பிரின்ஸ்பால் அய்யா, பட்டுப்புடவையில் பிலோமினா அக்கா. தொட்டிக்காரர் வெள்ளை வேட்டி சட்டையில் வந்திருந்தார். டவுசர் இல்லாமல் அவரை எனக்கு அடையாளமே தெரியவில்லை.

இடுப்பளவு தண்ணீரில் நின்றோம். அப்போதுதான் எனக்கு உறைத்தது, அவர் பெயர் எனக்குத் தெரியாது! பெயரைச் சொல்லித்தானே கொடுக்க வேண்டும்? காதோடு கேட்டேன்.

"பாத்தியா பிலோமி!" என்று கரையைப் பார்த்துக் கத்தினார். "தண்ணியில நிக்க வச்சிட்டுப் பேரு கேக்குறாரு!" பிறகு குனிந்து என் காதில் சொன்னார். அதை இங்கே எழுதப்போவதில்லை.

அறிக்கை செய்யச் சொன்னேன். "இத்தினி வருசமா ஒடம்பக் குடுத்தேன். இன்னைக்கு மனசக் குடுக்க வந்திருக்கேன். ஏசுவ நம்புறேன். இவ்ளோதான் எனக்குச் சொல்லத் தெரியும்" என்றார். பிரின்ஸ்பால் அய்யா நாற்காலியிலிருந்து எழுந்து நின்றுவிட்டார்.

நான் கையைப் பிடித்ததைப் பார்த்ததுமே பிலோமினா அக்கா ஜெபமாலையை எடுத்துவிட்டார். பாப்டிஸ்ட் முழுக்கில் ஜெபமாலை உருண்டது அதுவே முதல் தடவையாக இருக்கும். ஒருவரும் ஆட்சேபிக்கவில்லை, என் பிடி அந்த லட்சணத்தில் இருந்தது.

தொட்டிக்காரர் மூக்கைப் பிடிக்கவில்லை. முட்டியை மடக்கு, இடது கையை இறக்கு என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. கண்ணை மூடிக்கொண்டார். நான் அவர் பெயரைச் சொன்னேன். மூன்று நாமத்தையும் சொன்னேன். சாய்த்தேன். முழுக்கினேன். அந்த நொடியில் காலடிச் சேறு வழுக்கி, பாஸ்டரும் உள்ளே போனார்.

அடியில் என்ன நடந்தது என்று ஆண்டவருக்குத்தான் தெரியும். என் சட்டை அவர் கையில் இருந்தது, அவர் காது என் கையில் இருந்தது. எப்படியோ இரண்டு பேரும் எழுந்தோம். எனக்கு மூச்சு திரும்பியபோது, அவர் உடம்பெல்லாம் வெடவெடக்க, கண் இரண்டும் பிதுங்கி, மூக்கால் தண்ணீர் ஒழுக நின்றுகொண்டிருந்தார். சரி, இந்தத் தடவையும் போயிற்று என்று தலையைக் குனிந்துகொண்டேன்.

"பயந்துட்டேன் பாஸ்டர்!" என்றார். குரல் உடைந்திருந்தது. "நெசமா பயந்துட்டேன்!" அப்படியே கரையைப் பார்த்துத் திரும்பினார். "பிலோமி! ஏ பிலோமி! நானும் அழுதுட்டேன்டி!"

மார்க் என்ன என்று நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

சாப்பாடு முடிந்து இருவரையும் கடலூர் பஸ்ஸில் ஏற்றிவிடப் போனேன். அவருக்கு நடுக்கம் இன்னும் நிற்கவில்லை. எனக்குக் கடலூரில் ஒரு வேலையும் கிடையாது, இருந்தாலும் ஏறி அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். பஸ் வெள்ளாற்றுப் பாலத்தைத் தாண்டுவதற்குள், ஈரம் காயாத தலையை என் தோளில் போட்டுத் தூங்கிவிட்டார். முன் சீட்டிலிருந்து பிலோமினா அக்கா திரும்பிப் பார்த்துச் சிரித்தார். கண்டக்டர் புதுச்சத்திரம் என்று கத்தினார், ஆலப்பாக்கம் என்று கத்தினார். அந்த மனிதர் அசையவில்லை. தொட்டியிலும் அவரை நழுவவிட்டவன் நான், ஆற்றிலும் நழுவவிட்டவன் நான். தோள் மரத்துப்போயிற்று. கடலூர் வரும்வரை அந்தத் தலையை நழுவவிடவில்லை.