இன்னும் ஒரு மாடல் பார்த்துவிடலாம்

கடைக்குப் போகிறவர்களில் வாங்குகிறவர், வாங்காதவர் என்று இரண்டே இனம் என்றுதானே நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள்? மூன்றாவது ஒன்று உண்டு. ஒப்பிடுகிறவர். வில்லியனூர்ப் பக்கத்தில் அந்த இனத்துக்கு அருள்சாமியைவிட நல்ல உதாரணம் கிடைக்காது.

மகள் மரிய செலின் கல்லூரியில் சேர்ந்த வாரமே லேப்டாப் கேட்டாள். அருள்சாமி மறுக்கவில்லை, மறுப்பது இந்த இனத்தின் வழக்கமே இல்லை. நோட்டில் கோடு போட்டு, இந்தக் கம்பெனிக்கு பேட்டரி நிற்கும் ஆனால் சூடாகும், அந்தக் கம்பெனிக்குச் சூடாகாது ஆனால் சர்வீஸ் சென்டர் தூரம், இன்னொன்றுக்கு எல்லாம் சரி ஆனால் மூடி ஆடுகிறது என்று எழுதி, யூடியூபில் பதினொரு பேரின் கருத்தையும் கேட்டு, பன்னிரண்டாமவருக்காகக் காத்திருந்தார். அதற்குள் தவக்காலம் வந்துவிடும். தவக்காலத்தில் புதுச் சாமான் வாங்கலாமா? ஈஸ்டர் முடிந்தால் ஆடித் தள்ளுபடி கண்ணில் படும். ஞாயிறு பூசைக்கு முதல் ஆளாகப் போகிற மனிதர்தான். தள்ளுபடி என்றால் ஆடியும் அவருக்குப் புனித மாதம். இப்படியே மூன்று வருடம் ஓடி, செலின் பட்டமே வாங்கிவிட்டாள்.

புதுச்சேரிக் கம்பெனி ஒன்று அவளுக்கு வீட்டிலிருந்தே செய்கிற வேலை கொடுத்தது. ஒரே நிபந்தனை: திங்கட்கிழமை சொந்த லேப்டாப்போடு சேர வேண்டும்.

சனிக்கிழமை ஏகநாதன் கடையில் லேப்டாப் பெட்டி மேசைமேல் வந்தே விட்டது. அருள்சாமி பெட்டியைத் தடவினார், தூக்கிப் பார்த்தார், திருப்தியாகத் தலையாட்டினார். அதோடு விட்டிருக்கலாம்.

"இதுல அடுத்த மாடல் எப்போ வருது?"

"தீபாவளிக்கு வரும்னு சொல்றாங்க சார்," என்றார் ஏகநாதன். கடைக்காரருக்கு இவ்வளவு உண்மை ஆகாது.

"அப்போ இது பழசு." பெட்டியைத் தள்ளி வைத்தார் அருள்சாமி.

"அப்பா, திங்கக்கிழமைப்பா! இல்லன்னா வேலை பூடும்பா!" என்று கெஞ்சினாள் செலின்.

"இன்னாடி அவசரம்? ரெண்டு நாள் லேட்டானா தூக்கியா போட்டுடுவான்?"

தூக்கித்தான் போட்டான். புதன்கிழமை போன் வந்தது. வேலை வேறொரு பெண்ணுக்குப் போய்விட்டது. செலின் அறைக்கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். அருள்சாமிக்கும் வருத்தமாக இருந்தது. ஆனால் ஒரு நிமிடம்தான். கதவருகே போய் ஆறுதல் சொன்னார்.

"நல்லவேளை, வாங்காம வுட்டோம். வேலையே இல்லாம லேப்டாப்பு இன்னாத்துக்கு?"

இப்படியும் ஓர் அப்பனா என்று பல்லைக் கடிக்கிறீர்கள். கடியுங்கள், நியாயம்தான். ஆனால் மனதைத் தொட்டுச் சொல்லுங்கள்: ஏகநாதன் கடைப் பெட்டியில் இருந்தது எந்தக் கம்பெனி என்று உங்களுக்கும் கேட்கத் தோன்றுகிறதா, இல்லையா?