தலைவரின் இடுப்பும் என் வேட்டியும்

சில பேர் காதலில் விழுந்து கெட்டுப்போவார்கள். நான் ஓர் ஆண்பிள்ளையின் இடுப்பைப் பார்த்துக் கெட்டுப்போனேன்.

அவர் ஐம்பது வருஷத்துக்கு முந்தைய உலக ஆணழகன். ஜிம்காரர்கள் பொற்காலம் என்று கன்னத்தில் போட்டுக்கொள்ளும் காலத்துக்காரர். இப்போதைய ஆணழகர்களைப் போலக் கழுத்தே இல்லாமல், வயிற்றைத் தள்ளிக்கொண்டு நிற்க மாட்டார். தோள் கதவு அகலம், இடுப்பு ஒரு பிடி. தஞ்சாவூர் ஜிம்மில் கிடந்த பழைய பத்திரிகையில் பார்த்த அன்றே அவரைத் தலைவராக ஏற்றுக்கொண்டு, படத்தைப் பெரிதாகப் பிரிண்ட் போட்டு, பூதலூர் வீட்டுக் கூடத்தில் மாட்டினேன்.

"ஏண்டா, நாலு பேர் வந்துபோற எடத்துல ஜட்டியோட ஒருத்தனை நிறுத்தி வெச்சிருக்கியே, வெக்கமா இல்லே?" என்றாள் அம்மா.

"அம்மா, அது கலை."

"கலையாவது ஒண்ணாவது!"

மறுநாள் தலைவரின் இடுப்பில் குறிபார்த்து ஓர் ஆணி அடித்து, தினசரிக் காலண்டரை மாட்டிவிட்டாள். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் ராகு காலம், எமகண்டம், அமாவாசை எல்லாம் அங்கேதான் பார்க்க வேண்டும்.

தலைவரின் விசேஷம் வேக்யூம் போஸ். மூச்சு முழுவதையும் வெளியே விட்டு, வயிற்றை விலாவுக்கு அடியில் இழுத்துக்கொண்டு நிற்பது. நானும் இரண்டு வருஷம் பழகினேன். (வீட்டுப் பால் பூராவும் என் புஜத்துக்கே போகிறது, காபிக்கு இல்லை என்று அம்மா தினமும் புலம்புவாள்.) இழுத்தால் இடுப்பு நாலு விரல் குறையும். இதை மட்டும் நினைவில் வையுங்கள். நான்தான் மறந்துவிட்டேன்.

அக்கா பெண் அபிக்குக் கல்யாணம் வந்தது. எங்கள் கல்யாணங்களில் மூன்று முறை மாலை மாற்றும்போது பெண்ணை அவள் தாய்மாமனும், மாப்பிள்ளையை அவர் தாய்மாமனும் தோளில் தூக்கிக்கொள்ள வேண்டும்.

"நீ தூக்க வேண்டாம்டா," என்றாள் அக்கா கறாராக. "ஏழு வயசுல அவளை சைக்கிள்லேர்ந்து கீழே போட்டியே, தழும்பு இன்னும் முழங்கால்ல இருக்கு."

அபிதான் விடவில்லை. "மாமா தூக்கலேன்னா நான் மாலையே போட்டுக்க மாட்டேன்." பிறகு என் காதுக்குள், "இந்தத் தடவை கீழே போட்டே, கொன்னுடுவேன்," என்றாள். இத்தனை உடம்பையும் எதற்கு வளர்த்தேன் என்று அன்றுதான் தெரிந்தது.

முகூர்த்தத்தன்று காலையில் அபியின் அப்பா, என் அத்திம்பேர், ஒரு பெல்ட்டை நீட்டினார். "பட்டு வேட்டி வழுக்கும்டா, கட்டிக்கோ."

தலைவர் இடுப்பில் பெல்ட் உண்டா? மறுத்துவிட்டேன். கல்யாணமானவர்களுக்காவது பஞ்சகச்சம், இறுகப் பிடித்துக்கொள்ளும். பிரம்மச்சாரியான எனக்கு வெறும் சுற்றுக்கட்டு. உள்ளே, அதிர்ஷ்டத்துக்காக, தலைவர் அணிந்திருப்பதைப் போலவே பளபளவென்று ஒரு நீல ஜட்டி.

அபியை அலுங்காமல் தோளுக்கு ஏற்றினேன். எதிரே மாப்பிள்ளையின் மாமா, ரிட்டயரான பேங்க் அதிகாரி, பாவம், தள்ளாடினார். முதல் மாலை விழுந்தது. இரண்டாவதும் விழுந்தது. கூட்டம் கைதட்டியது. அப்போதுதான் போட்டோகிராபர் சொன்னார்: "பொண்ணோட மாமா சார், இங்க பாருங்க. உடம்பு சூப்பரா இருக்கு சார்!"

சொல்லியிருக்க வேண்டாம். மூச்சை விட்டேன். வயிற்றை இழுத்தேன்.

வேட்டி கிளம்பியது.

இரண்டு கையும் அபியின் கால்களைப் பிடித்திருந்தன. கத்தலாம் என்றால் உள்ளே மூச்சு இல்லை. அவசரமாக மூச்சை இழுத்து வயிற்றை முன்னே தள்ளிப் பார்த்தேன். அதற்குள் வேட்டி முழங்காலைத் தாண்டிவிட்டது. கையை விட்டால் என் மானம் பிழைக்கும், அபி விழுவாள். நான் விடவில்லை. நாகஸ்வரக்காரர் பாதியில் நிறுத்தினார். தவில்காரர் கண்ணை மூடிக்கொண்டு வாசிப்பவர், அவர் மட்டும் வெளுத்து வாங்கினார்.

மேலே இருந்த அபிக்கு மாப்பிள்ளையைத் தவிர ஒன்றும் தெரியவில்லை. "மாமா, இன்னும் ரெண்டு அடி முன்னாடி போ!"

காலைச் சுற்றி வேட்டி கிடக்கிறது, எங்கே போவது? "அவரை வரச் சொல்லுடி," என்றேன் ஈனஸ்வரத்தில்.

அம்மா வெற்றிலைத் தாம்பாளத்தைக் கவிழ்த்துவிட்டு ஓடி வந்து, எனக்கு முன்னால் மறைத்துப் பிடித்தாள். "போடுடி மாலையை! எல்லாரும் அப்புறமா சிரிச்சுக்கலாம்!"

மூன்றாவது மாலையும் விழுந்தது. அபியைப் பத்திரமாகத் தரையில் இறக்கிய பிறகுதான் வேட்டிக்குக் குனிந்தேன்.

போட்டோகிராபர் கடமை தவறாதவர். வேட்டி நழுவி, நான் மூச்சை இழுப்பதற்கு முந்தைய நொடி ஆல்பத்தில் முழுப் பக்கத்துக்கு இருக்கிறது. வயிறு, சத்தியமாகச் சொல்கிறேன், தலைவர் வயிறேதான். அம்மா எழுந்துபோய், காலண்டரில் ஒரு தாளைக் கிழித்துவந்து என் இடுப்புக்குக் கீழே ஒட்டினாள். (அது கரிநாள்.)

அடுத்த வருஷம் எனக்கு வரன் பேச ஒரு குடும்பம் பெண்ணோடு வீட்டுக்கு வந்தபோது, அபி முதலில் எடுத்து வைத்தது அந்த ஆல்பத்தைத்தான். படுபாவி! அந்தப் பெண் தாளைத் தூக்கிப் பார்த்துவிட்டு ஐந்து நிமிஷம் சிரித்தாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, "வேட்டியே போனாலும் பொண்ணை விடலியேப்பா," என்று அவள் அப்பாவிடம் சொன்னாள். கல்யாணம் நிச்சயமாயிற்று.

இப்போது நான் வேட்டி கட்டிக்கொண்டு எங்கே கிளம்பினாலும் பெல்ட்டை எடுத்து நீட்டுவது அவள்தான். கூடத்திலிருந்து அம்மாவின் குரலும் தவறாமல் வரும்:

"எதுக்கும் அந்தக் காலண்டரையும் எடுத்துண்டு போகச் சொல்லுடி!"